கையைக் கண்டால் நிற்கும்

நேற்று நீங்கள் புதிதாகச் செய்து காட்டிய இணையப் பக்கத்தில் ஒரு தவறு இருந்தது. மில்லிமீட்டர் என்று வர வேண்டிய இடத்தில் சென்டிமீட்டர் என்று இருந்தது. நான் விரலை வைத்துக் காட்டியதும் உங்களில் ஒருவர் கணினியைத் தன் பக்கம் இழுத்தார், இரண்டு தட்டுத் தட்டினார், "முடிஞ்சது சார்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் திரும்ப அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். தவறு இருந்த இடத்தில், தவறு இருந்ததற்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஏன் சார் முகம் வாடிவிட்டது என்று உங்களில் ஒரு பெண் கேட்டாள். அங்கே வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன். தேநீர் நேரத்தில் வாசியுங்கள். வேலை நேரத்தில் வேண்டாம்.

நான் வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது. ஓய்வுக்கான வயது இல்லை, தெரியும். பொருளுக்கு வார்த்தை எழுதும் வேலை அது. இத்தனை வோல்ட், இத்தனை தூரம், இப்படிப் பொருத்து, அப்படிப் பொருத்தாதே. கவிதை எழுதும் கிறுக்கு உள்ளவன் அந்த வேலைக்குப் போகக் கூடாது. நான் போனேன். இராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் எங்கள் கம்பெனி. சுற்றிலும் நூற்பாலைகள், அவற்றின் இரைச்சல் நின்றால்தான் ஊருக்குக் காது கேட்கும். நூல் அறுந்தால் சொல்லும் சென்சார், துணி ஓரம் விலகினால் சொல்லும் சென்சார், சிவப்புப் புள்ளி வைத்து நீளம் அளக்கும் லேசர் என்று சின்னச் சின்னப் பெட்டிகள் செய்தோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. முன்பக்கம் ஒரு கண்ணாடித் துளி.

மில்காரர்கள் யாரும் சென்சார் என்று சொல்ல மாட்டார்கள். எல்லாமே கண்ணுதான். "கண்ணு அவிஞ்சிருச்சு." "கண்ணுல பஞ்சு." "ரெண்டு கண்ணு அனுப்புங்க." எந்தக் கண் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். நூல் பார்க்கிற கண்ணா, துணி பார்க்கிற கண்ணா என்று. கேட்டுக் கேட்டு எங்கள் ஆர்டர் பிரிவுக்கே அலுத்துப்போனது. இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது.

அதற்கு முன் அச்சுப் புத்தகக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பொருள் விளக்கப் புத்தகத்தில் ஒரு தடவை ஒரு வயரின் நிறத்தை நான் மாற்றி எழுதிவிட்டேன். புத்தகம் அச்சாகி வந்தபிறகுதான் கண்ணில் பட்டது. முதலாளி திட்டவில்லை. துண்டுச் சீட்டு அடித்துக் கொடுத்து, ஒவ்வொரு புத்தகத்திலும் நானே உட்கார்ந்து ஒட்ட வேண்டும் என்றார். இரண்டு நாள் ஒட்டினேன். விரலெல்லாம் பசை. வெளிச்சத்தில் பிடித்தால் சீட்டுக்கு அடியில் பழைய எழுத்து மங்கலாகத் தெரியும். அவமானமாக இருந்தது. அவமானம் என்பதே அப்போது ஒரு பாதுகாப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்கு இணையதளம் வந்தது. முதலில் போட்டது வெறும் எண்களின் பட்டியல். பொருள் எண் தெரிந்தவனுக்குத்தான் அது திறக்கும். எண் தெரியாமல் கண்ணு, கண்ணு என்று மட்டும் தெரிந்தவனுக்கு அது பூட்டிய கதவு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாக அடுக்கு என்றார். மில்காரனுக்குப் புரிகிற வார்த்தையில் தமிழிலும் இருக்க வேண்டும் என்றார்.

எனக்குச் சிறகு முளைத்தது. எண்களைத் தூக்கி எறிந்தேன். இந்தக் கண் எதைப் பார்க்கும் என்று பிரித்தேன். நூலைப் பார்க்கும் கண். துணியைப் பார்க்கும் கண். கையைப் பார்க்கும் கண். தமிழ் எழுத்து அப்போது எல்லாக் கணினியிலும் வராது. கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். அதனால் தமிழ் வரிகளை எல்லாம் படமாக்கிப் போட்டோம். படம் என்றால் கனம். தொலைபேசிக் கம்பி வழியாக ஒவ்வொரு வரியும் சொட்டுச் சொட்டாக இறங்கும். எத்தனை வார்த்தையோ அத்தனை தாமதம். ஆகவே வார்த்தையைக் குறைக்க வேண்டும். எனக்கு அது தவம்போல இருந்தது. ஒரு பொருளுக்கு ஒரே வரி.

கையைப் பார்க்கும் கண் பக்கத்துக்கு நான் எழுதிய வரி: கையைக் கண்டால் நிற்கும்.

அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முற்றத்தில் நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். கையோடு சம்பந்தப்பட்ட கண் எங்களிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று, நான் அந்த வரியை எழுதிய லேசர் கண். கை நிறையத் துணியோடு நிற்கிறவர் சுவிட்சைத் தொடாமல், அதன் முன்னால் கையைக் காட்டினால் மிஷின் நிற்கும். வசதிக்கானது, அவ்வளவுதான். அதன் மேல் பஞ்சு படிந்தால் அதற்குக் கை தெரியாது; மிஷின் பாட்டுக்கு ஓடும். இன்னொன்று ஒளித்திரை. அது தான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கும்வரைதான் மிஷினை ஓடவிடும். பஞ்சு படிந்தாலும், வயர் அறுந்தாலும், எது நடந்தாலும் முதலில் மிஷினை நிறுத்திவிடும். கத்தி உள்ள இடத்தில் அதைத்தான் வைக்க வேண்டும். முதலாவது குருடானால் கை போகும். இரண்டாவது குருடானால் வேலை நிற்கும்.

அச்சுப் புத்தகத்தில் லேசர் கண்ணின் படத்துக்குக் கீழே, அசிங்கமான ஒரு வரி உண்டு. 'இது பாதுகாப்புச் சாதனம் அன்று. கத்தி, உருளை உள்ள இடங்களில் கையைக் காப்பதற்காக இதைப் பொருத்தக் கூடாது.' நீளம். கரடு முரடு. புதிய பக்கத்தில் அதைப் போட்டுப் பார்த்தேன். என் ஒற்றை வரிக்கு அடியில் அது ஒரு மூட்டை மாதிரிக் கிடந்தது. பக்கமும் மெதுவாக இறங்கியது. தூக்கி, 'தொழில்நுட்ப விவரம்' என்ற தனிப் பக்கத்தில் வைத்தேன். அழிக்கவில்லை, ஒரு சொடுக்கு தூரத்தில் வைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு சொடுக்கு அன்றைய கம்பியில் மூன்று நான்கு நிமிடம். யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

காதர் பாயைச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டில் மெக்கானிக். மருத்துவமனைக்குப் போகும் வலைத்துணியை அங்கே அளவாக வெட்டி மடிப்பார்கள். வெட்டும் மிஷினில் வேலை செய்த பெண்களில் ஒருவர் ஜைனப், அவர் மனைவி. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். எங்கள் கம்பெனிக்குப் பொருள் வாங்க வரும்போது பாய் அதைச் சொல்லியே சிரிப்பார். "வீட்டுலயும் அவதான் மேனேஜர், மில்லுலயும் அவதான் மேனேஜர். நான் எங்க போய் லீவு கேக்க?" என்பார்.

வெட்டும் மிஷினில் கத்திக்குக் கை போய்விடுகிறதே என்ற கவலை அவருக்கு வெகுநாளாக உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையம் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து எங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார். கையைப் பார்க்கும் கண். கையைக் கண்டால் நிற்கும். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு என்ன சொல்ல முடியும்? மறுநாள் ஃபோன் செய்து, "அந்தக் கை பாக்குற கண்ணு ஒண்ணு" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஆர்டர் பிரிவும் இந்த முறை எந்தக் கண் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடிதான் நான் அடுக்கி வைத்திருந்தேனே.

பாய் அதைக் கத்திக்கு முன்னால் பொருத்தினார். மனைவியைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, மிஷின் நிற்பதைக் காட்டினார். இனிமேல் பயப்படாமல் வேலை பார் என்றார். அவளும் பார்த்தாள். மூன்று வாரம் அந்தக் கண் வேலை செய்தது. அந்த யூனிட்டில் காற்றே பஞ்சுதான். ஆட்களின் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். கண்ணாடித் துளியில் மெல்ல மெல்லப் பஞ்சு பூத்திருக்கிறது. ஒரு காலை, மடிந்துபோன துணியை இழுக்க ஜைனப் கையை உள்ளே விட்டாள். கண் பார்க்கவில்லை. வலது கையில் இரண்டு விரல்.

செய்தி எங்களுக்குப் பத்து மணிக்கு வந்தது. ஃபோனை வைத்துவிட்டு முதலாளி என்னைக் கூப்பிட்டார். எந்தக் கண்ணை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்; அவருக்கும் புரிந்தது.

"மொதல்ல அந்தப் பக்கத்தச் சரி பண்ணு. இன்னொரு கை போகக் கூடாது" என்றார்.

அவர் நல்லவர். இன்றும் அதை நல்ல எண்ணத்தில் சொன்னார் என்றுதான் நம்புகிறேன். நானும் நல்ல எண்ணத்தில்தான் ஓடினேன். மூட்டை மாதிரிக் கிடந்த அந்த வரியைத் தூக்கி வந்து, சிவப்பு எழுத்தில் பெரிதாகப் பக்கத்தின் நடுவில் வைத்தேன். பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமித்தேன். மோடம் கிறீச்சிட்டுக் கத்தி முடித்தது. பதினொன்றரைக்கு எங்கள் பக்கம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அந்தக் கம்பெனியில் நான் செய்த வேலைகளிலேயே வேகமானது அது.

மதியம் சோற்றைப் பிசையும்போதுதான் உறைத்தது. கை நின்றுவிட்டது. காதர் பாய் பார்த்த பக்கம் இனி உலகத்தில் எங்கேயும் இல்லை.

அந்த யூனிட்டில் விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். மேனேஜர் எங்களுக்கு ஃபோன் செய்து கேட்டதற்கு, அந்தக் கண்ணைக் கத்திக்கு வைக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே என்று இங்கிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொய் இல்லை. சொன்னவர் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். அப்படியானால் காதர் பாய்தான் வாசிக்காமல் பொருத்தினார் என்று ஆனது. பாய் இல்லவே இல்லை என்றார். வாங்க, காட்டுகிறேன் என்றார். பார்த்த இடத்திலேயே, அதே கணினியிலேயே காட்டுகிறேன் என்றார்.

கம்பெனி சார்பில் என்னைப் போகச் சொன்னார் முதலாளி. கிளம்பும்போது, "நம்மளா வாயத் தொறந்து சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்ல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போனேன். ஜன்னலுக்கு வெளியே மலை கூடவே வந்தது. இறங்கும்வரை ஒரு வாக்கியம் தயாரித்துக்கொண்டே இருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான், சத்தியமாக.

பிரௌசிங் சென்டர் ஒரு மாடிப்படியின் முடிவில் இருந்தது. எஸ்.டி.டி. பூத்தோடு சேர்ந்த சின்ன அறை. மூன்று கணினி. மேனேஜர் ஏற்கெனவே வந்திருந்தார். நான் எதிர்பாராதது, ஜைனப்பும் வந்திருந்தாள். கைக்கட்டோடு சுவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கட்டின துணி அவர்கள் யூனிட்டில் வெட்டுகிற அதே வலைத்துணி. பாய்தான் அவளை அழைத்து வந்திருக்கிறார். மேனேஜர் நம்புவதைவிட அவள் நம்ப வேண்டும் அவருக்கு. விபத்துக்குப்பிறகு அவள் அவரோடு பேசவில்லை என்று மேனேஜர் என் காதில் சொன்னார்.

என்னைப் பார்த்ததும் பாயின் முகம் தெளிந்தது. "நல்லவேள, நீங்களே வந்தீய சார்" என்றார். ஜைனப்பிடம் திரும்பி, "இவியதான் எழுதுறவிய" என்றார். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பக்கம் திறக்கத் தொடங்கியது.

உங்களுக்கு அது தெரியாது. அப்போது ஒரு பக்கம் திறக்காது; இறங்கும். மேலே இருந்து ஒரு நூல் அகலம், இன்னொரு நூல் அகலம். முதலில் எங்கள் கம்பெனிச் சின்னத்தின் நெற்றி. அப்புறம் அதன் கண். சென்டர்காரர் திரையைத் தட்டினார், லைன் மெதுவாக இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டார். லேசர் கண்ணின் படம் இறங்கியது. பாய் முன்னால் குனிந்தார். "இந்தா வருது, இந்தா" என்று அவளைக் கூப்பிட்டார். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

என்ன வரப்போகிறது என்று தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். செத்த நேரம் இருந்தது. என் பக்கத்தை நான் கனமாக எழுதியிருந்ததால் கிடைத்த நேரம் அது. சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். தயாரித்தும் வைத்திருந்தேன். கையைக் கண்டால் நிற்கும் என்ற வரி இறங்கி முடிந்தது. பாய் அதைத் தொட்டு, "இதுதான், இதத்தான் பாத்தேன்" என்றார். அதன் கீழே சிவப்பாக ஒரு கோடு தொடங்கியது. எழுத்தின் தலைப்பகுதி மட்டும். அப்போதும் நேரம் இருந்தது. பாதி எழுத்து. முக்கால் எழுத்து. நான் சென்டர்காரரின் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர்தான் வாய்விட்டு வாசித்தார். கத்தி, உருளை உள்ள இடங்களில் கையைக் காப்பதற்காக இதைப் பொருத்தக் கூடாது. வாசித்துவிட்டு, "கம்ப்யூட்டரு யாருக்கும் பயந்து பேசாது பாய்" என்றார்.

"நான் பாத்தப்ப இது இல்ல" என்றார் பாய். குரல் சின்னதாகிவிட்டது. "பழசு எங்கயாவது கெடக்குமா?" என்று சென்டர்காரரைக் கேட்டார்.

"இதுல பழசுன்னு ஒண்ணு கெடையாது பாய். பழசு இருந்த எடத்துலதான் புதுசு உக்காரும்."

ஜைனப் திரைக்கு அருகில் போனாள். ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள், உதடு அசைந்தது. அப்புறம் புருஷனைப் பார்த்தாள். விபத்துக்குப்பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இம்புட்டுப் பெருசா, செவப்புல எழுதியிருக்கு. இத வாசிக்காமலா என்னக் கைய வைக்கச் சொன்னீய?"

பாய் சென்டர்காரரிடம், இன்னொரு தடவை திறக்கச் சொன்னார். திரும்பவும் நெற்றி, கண், படம், வரி, சிவப்பு. இந்தத் தடவை சீக்கிரமாகவே இறங்கிவிட்டது. பாய் திரையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்க சார். நீங்கதான எழுதுனது. அன்னைக்கு இது இருந்துச்சா?"

கேட்டுவிட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்பதுதான் எனக்கு இட்ட கட்டளை. அதன்படி பார்த்தாலும் நான் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "பக்கத்த அப்பப்ப புதுப்பிச்சுக்கிட்டே இருப்போம்."

நன்றாகப் பாருங்கள் அந்த வாக்கியத்தை. அதில் பொய் எங்கேயும் இல்லை. ஒரு விரலால்கூட அதைப் பிடிக்க முடியாது. இருபத்தைந்து வருஷம் இந்தத் தொழிலில் எழுதியிருக்கிறேன், அதைவிடச் சுத்தமான வாக்கியத்தை நான் எழுதியதில்லை. மேனேஜர் தலையாட்டிக்கொண்டார். ஜைனப் ஸ்டூலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

படியிறங்கும்போது பாய் எனக்குப் பின்னால் வந்தார். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ரெண்டாந்தடவ தொறந்தா மாறும்னு எனக்கென்ன பைத்தியமா சார்? நீங்க வாயத் தொறக்க செத்த நேரம் கெடைக்கட்டும்னுதான்" என்றார்.

யூனிட்டில் அவரை நிறுத்திவிட்டார்கள். நான் திரும்பி வந்து முதலாளியிடம், கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எல்லாப் பொருளுக்கும் அதே மாதிரிச் சிவப்பு எச்சரிக்கை போட்டுவிடலாம் என்றார். போட்டேன். ஒரு மாதம் அதே வேலை. நல்ல வேலை, எத்தனையோ கைகளைக் காத்திருக்கும். ஒவ்வொரு வரியையும் சிவப்பாக்கும்போது, ஒரு மனிதனைப் பொய்யனாக்கிய மையில் தொட்டு எழுதுவதுபோல இருந்தது.

இதைச் சொல்வதால் நான் பிறகு திருந்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள். தானாக ஒன்றும் எனக்குள் விழிக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜைனப்பைப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில், இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். பஸ்ஸின் பின்பக்கம் காதர் பாய் நின்றார். ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிவிட்டுத் திரும்புகிறார்கள் போல. கண்டக்டர் அவளிடம் வந்து டிக்கெட் கேட்டார், தெரிந்தவர்போல, "பாய் பின்னால எடுத்துட்டாரா?" என்றார்.

"யாரு, எனக்குத் தெரியாது" என்றாள் அவள்.

அதை பாயும் கேட்டார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினேன். இறங்க வேண்டிய இடம் அது இல்லை.

மறுநாள் வெள்ளைத்தாளில் எழுதினேன். இந்தத் தேதியில் அந்தப் பக்கத்தில் எச்சரிக்கை வரி இல்லை. இதன் விளைவை அறியாமல் அந்த எச்சரிக்கையை எடுத்து வேறு பக்கத்தில் வைத்தேன். விபத்துச் செய்தி வந்த அன்று காலையில்தான் திருப்பி வைத்தேன். காதர் அவர்கள் பார்த்ததாகச் சொல்வது உண்மை. முதலாளியிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். "கையெழுத்து ஒம்பேர்ல போடு. கம்பெனி பேரு வேண்டாம்" என்றார். கிழித்துப்போடுவார் என்று நினைத்திருந்தேன், போடவில்லை. என்னை வேலையை விட்டு நீக்குவார் என்றும் நினைத்தேன். அதுவும் இல்லை. அதற்குப்பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கினேன். எழுதியவனுக்கு ஒன்றும் ஆகாது. இந்தத் தொழிலில் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

யூனிட் மேனேஜர் தாளை வாங்கி வாசித்துவிட்டு, புது மெக்கானிக் வந்து ஒரு மாதமாகிறது சார் என்றார். மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

இன்னொரு பிரதி எழுதி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மம்சாபுரம் போனேன். வேலை போனபிறகு அவர்கள் ஜைனப்பின் தாய்வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். பாய் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிறார் என்றும் சொன்னார்கள். ஓட்டு வீடு. வாசலில் ஜைனப் முறத்தை மடியில் வைத்து இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. என் குரல் கேட்டதும் அது நின்றது.

உட்காரச் சொன்னாள். தாளை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே வாசிங்க. உள்ளுக்கும் கேக்கணும்" என்றாள்.

நின்றபடியே வாசித்தேன். எனக்கு அன்றுதான் தெரிந்தது, நான் எழுதிய எதையும் அதுவரை ஒருவர் முகத்தைப் பார்த்து நான் வாசித்ததில்லை என்று. மூன்றாவது வரியில், 'இதன் விளைவை அறியாமல் அந்த எச்சரிக்கையை எடுத்து வேறு பக்கத்தில் வைத்தேன்' என்று இருந்தது.

"அந்தால நிறுத்துங்க" என்றாள் ஜைனப். "அறியாமலா?"

தாளைத் திரும்பப் பார்த்தேன்.

"அது எதுக்கு அந்தப் புஸ்தகத்துல இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்" என்றேன்.

"பொறவு?"

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, முறத்தின் விளிம்பில் தாளை வைத்து, 'இதன் விளைவை அறியாமல்' என்ற சொற்களை அடித்தேன். தாள் கசங்கி, மை பரவி, பார்க்கவே அலங்கோலமாகிவிட்டது. நாளைக்கு நல்ல தாளில் திருத்தமாக எழுதிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"வேண்டாம். அடிச்சது தெரியட்டும்" என்றாள்.

தாளை வாங்கினாள். வலது கையில் மிச்சமிருந்த விரல்களால் பிடித்து, இடது கையால் நீவி, முதலிலிருந்து தானே ஒரு தடவை வாசித்தாள். அடித்த இடத்தையும் விடாமல் வாசித்தாள். பிறகு உள்ளறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "கேட்டீயளா?" என்றாள்.

உள்ளேயிருந்து சத்தமில்லை. இரும்பைத் தட்டும் சத்தமும் இல்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் அவள் இன்னொரு தடவை கேட்டாள். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது. அவர் பதில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நின்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. நடந்துவிட்டேன்.